பழைய கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

இன்டெலின் எச்61 சிப்செட் உள்ள மதர்போர்டு, அதில் ஒரு பென்டியம் அல்லது ஐ3 பிராசஸர், 2 அல்லது 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2011-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய மேசைக் கணினி என்றால், பில்லில் பெரும்பாலும் இந்த வரிகள்தான் இருக்கும். டிடிபி கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் பள்ளிக்கூட ஆய்வகங்களிலும் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகின்றன என்பதைவிட நகர்கின்றன என்று சொல்வதுதான் சரி. சுவிட்சைப் போட்டு, டெஸ்க்டாப் வந்து, முதல் கோப்பு திறப்பதற்குள் நாலைந்து நிமிடம் போய்விடுகிறது.

“சிஸ்டம் ஸ்லோவா இருக்கு” என்று கடைக்குக் கொண்டுபோனால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ஒன்று, புதுசு வாங்கிடுங்க. மற்றது, பிராசஸரை மாத்திடலாம். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நாலைந்து நிமிடமும் உள்ளே என்னதான் நடக்கிறது?

பார்ப்பது எளிது. விண்டோஸ் 10 உள்ள கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியை இயக்கிய முதல் சில நிமிடங்களில் அதன் மேல்வரிசையைப் பாருங்கள். சிபியு என்ற இடத்தில் 10 அல்லது 15 சதவீதம் இருக்கும். பக்கத்தில் டிஸ்க் என்ற இடம் அடர்நிறமாகி, 100 சதவீதத்தில் நிற்கும். வைரஸ் ஸ்கேனர், விண்டோஸ் அப்டேட், தேடல் அட்டவணை, நீங்கள் திறந்த எக்செல் என எல்லாமே ஒரே ஹார்டு டிஸ்க்கின் வாசலில் வரிசையில் நிற்கின்றன. கணக்குப் போட வேண்டிய பிராசஸரோ நேரத்தின் பெரும்பகுதியைச் சும்மா கழிக்கிறது.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு காந்தத் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன் வெளி விளிம்பு போகும் வேகம் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், காற்றின் மெல்லிய படலம் தாங்க, படிக்கும் தலை மிதக்கிறது. ஒரு கோப்பு வேண்டுமென்றால் தலையைத் தாங்கும் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். அதற்கு 8 அல்லது 9 மில்லிநொடி. பிறகு, தேவையான இடம் சுற்றிக்கொண்டு தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிநொடி என்பதால் இதற்குச் சராசரியாக 4.2 மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 12.5 மில்லிநொடி. ஆக, தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் கோப்புகளைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தால் நொடிக்கு 80 தடவைதான் முடியும்.

மனிதனுக்கு 12.5 மில்லிநொடி ஒன்றுமே இல்லை. பிராசஸருக்கு அப்படி இல்லை. இந்தத் தலைமுறையின் ஐ3-2100 நொடிக்கு 310 கோடி முறை துடிக்கிறது. அதன் ஒரு துடிப்பை நம்முடைய ஒரு நொடியாக நீட்டிப் பாருங்கள். ராமிலிருந்து ஒரு தகவல் வர நாலு நிமிடம் ஆகும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து வர ஒன்றேகால் ஆண்டு ஆகும். அவ்வளவு நேரமும் பிராசஸர் வேறு வேலைகளைக் கவனிக்கலாம், கவனிக்கவும் செய்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட கோப்பு வரும்வரை உங்கள் வேலை அங்கேயே நிற்கும்.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு பெரிதானது என்பதில் கணினியின் வரலாறே அடங்கியிருக்கிறது. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக்தான் ஹார்டு டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்த முதல் கணினி. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். ஒரு தகவலை எடுக்கச் சராசரியாக 600 மில்லிநொடி ஆயிற்று. அங்கிருந்து நம் 500 ஜிபி டிஸ்க்வரை வருவதற்குள் கொள்ளளவு ஒரு லட்சம் மடங்கு பெருகியது. எடுக்கும் நேரமோ 50 மடங்குதான் குறைந்தது. இதற்கிடையில், 1971-ல் நொடிக்கு 7.4 லட்சம் முறை துடித்த இன்டெல் 4004 போய், நான்காயிரம் மடங்குக்கு மேல் வேகமாகத் துடிக்கும் சில்லுகள் வந்துவிட்டன. ஒரே துடிப்பில் அவை முடிக்கும் வேலையும் பல மடங்கு கூடிவிட்டது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க வேகம் கூடும். எடையுள்ள ஓர் உலோகக் கையை நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்தும் வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது.

1967-ல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் ஒரு வாதத்தை முன்வைத்தார். பல பிராசஸர்களைச் சேர்த்து ஓட்டினால் எவ்வளவு லாபம் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். ஆனால் அதன் சாரம் எந்த வேலைக்கும் பொருந்தும். வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்தத்தில் கிடைக்கும் பலன் அந்தப் பகுதி எவ்வளவு நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. நம் கணினி இயங்கத் தொடங்க 120 நொடி ஆகிறது, அதில் 90 நொடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பது, 30 நொடி உண்மையான கணக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு வேகமான பிராசஸரைப் போட்டால் 30 என்பது 15 ஆகும். மொத்தம் 105 நொடி. டிஸ்க்கைப் பத்து மடங்கு வேகமாக்கினால் 90 என்பது 9 ஆகும்; மொத்தம் 39 நொடி. பிராசஸருக்குக் காசைக் கொட்டிவிட்டு “அப்படி ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே” என்று சொல்பவர்களின் ஏமாற்றத்துக்குக் காரணம் இந்தச் சின்னக் கணக்குதான்.

ஆகவே முதல் செலவு, ஹார்டு டிஸ்க்கின் வேலையை ஏற்கும் எஸ்எஸ்டி. அதில் சுற்றும் தட்டும் கிடையாது, நகரும் கையும் கிடையாது. 1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் டிரான்சிஸ்டருக்குள் ஒரு மிதக்கும் வாயிலை வைக்கும் யோசனையை வெளியிட்டார்கள். நாலாபுறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த ஒரு சின்ன அறை அது. அதற்குள் எலெக்ட்ரான்களைத் தள்ளிவிட்டால் வெளியேற வழியில்லாமல் அங்கேயே இருக்கும், மின்சாரம் போனாலும் இருக்கும். 1980-களில் டோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா இந்த அடிப்படையில் ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். இன்று எஸ்எஸ்டியில் இருக்கும் நேண்ட் வகை 1987-ல் அறிவிக்கப்பட்டது. எழுதும்போது சுமார் 20 வோல்ட் அழுத்தத்தில் எலெக்ட்ரான்கள் அந்த மின்கடத்தாச் சுவரைத் துளைக்காமலேயே ஊடுருவிப் போகின்றன. அன்றாட வாழ்க்கையில் நடக்க முடியாத செயல் இது. குவாண்டம் இயற்பியலில் நடக்கும். உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் அது ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான முறை நடக்கிறது என்பதை நினைத்தாலே வியப்பாக இருக்கிறது.

எஸ்எஸ்டியிலிருந்து ஒரு தகவலை எடுக்க 0.1 மில்லிநொடி போதும். துடிப்பை நொடியாக நீட்டிய அதே கணக்கில் ஒன்றேகால் ஆண்டு என்பது மூன்றரை நாளாகச் சுருங்குகிறது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கணினி இயங்கத் தொடங்கும்போது 5,000 சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டியிருந்தால், நொடிக்கு 80 படிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டிக்கு ஒரு நொடிகூட ஆகாது.

இங்கே கடைகளில் ஒரு தடை சொல்வார்கள். “உங்க போர்டுல இருக்கிறது சாட்டா 2 போர்ட். எஸ்எஸ்டியோட ஸ்பீடு பாதிதான் வரும், போட்டுப் பிரயோஜனம் இல்லை.” முதல் பாதி உண்மை. எச்61 சிப்செட் தருவது நொடிக்கு 3 கிகாபிட் செல்லும் சாட்டா 2 போர்ட்டுகளைத்தான். பெட்டியில் நொடிக்கு 550 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கும் எஸ்எஸ்டி அதில் 270 அளவுக்குத்தான் ஓடும். ஆனால் அந்த 550 என்பது ஒரு பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாக நகலெடுக்கும்போது வரும் வேகம். விண்டோஸ் அப்படிப் படிப்பதில்லை. நான்கு நான்கு கிலோபைட்டாக, அங்கும் இங்கும் தாவித் தாவிப் படிக்கிறது. அந்த மாதிரி வாசிப்பில் ஹார்டு டிஸ்க் நொடிக்கு அரை மெகாபைட்கூட எட்டாது. எஸ்எஸ்டி 30 மெகாபைட்டைத் தொடும். சாட்டா 2-வின் கூரை 300 மெகாபைட். 30 ஓடுகிறவனுக்கு 300-ல் இருக்கும் கூரை இடிக்காது. இந்தத் தடையைக் கேட்டு எஸ்எஸ்டி போடாமல் திரும்பியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிய பட்டை வடிவில் வரும் எம்.2 வகை இந்த போர்டுகளில் பொருந்தாது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டாம். படம், பாட்டு, பழைய கணக்குகள் எல்லாம் இருக்கும் இரண்டாவது டிரைவாக அதே பெட்டியில் இருக்கட்டும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. எலெக்ட்ரான்கள் போய்வரும் ஒவ்வொரு முறையும் அந்த மின்கடத்தாச் சுவர் கொஞ்சம் பழுதாவது உண்மைதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் விரைவில் செத்துவிடும். அதனால் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, எழுதும் சுமையை எல்லா இடங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டே இருக்கிறது. சாதாரண 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 80 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அது தீரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். டிடிபி கடையில்கூட ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுவது எளிதல்ல. பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: எஸ்எஸ்டி பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. ஹார்டு டிஸ்க்காவது கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு நகல் வேறெங்காவது கட்டாயம் இருக்க வேண்டும்.

மாற்றும் வேலை அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்னை வெளியேற்றுங்கள். எஸ்எஸ்டியில் இரண்டு இணைப்புகள்தான். அகலமானது மின்சாரத்துக்கு, குறுகியது தகவலுக்கு. இரண்டும் எல் வடிவத்தில் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. அதைப் பொருத்த மூன்றரை அங்குலத் தாங்கி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் எப்படி வைத்தாலும் வேலை செய்யும். பழைய விண்டோஸை அப்படியே நகலெடுக்க குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. என் கருத்தில், பத்தாண்டுக் குப்பையைப் புது இடத்துக்குச் சுமந்துபோவதைவிடப் புதிதாக நிறுவுவதே நல்லது. அப்படி நிறுவுவதற்கு முன் பயாஸுக்குள் போய் சாட்டா அமைப்பு ஐடிஇ என்றிருந்தால் ஏஹெச்சிஐ என்று மாற்றிவிடுங்கள். ஐடிஇ முறையில் எஸ்எஸ்டியால் பல வேலைகளை ஒரே சமயத்தில் வரிசைப்படுத்திச் செய்ய முடியாது.

ராமையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2 அல்லது 4 ஜிபி மட்டும் இருந்தால், இடம் போதாமல் விண்டோஸ் தன் சரக்கை டிஸ்க்குக்கும் ராமுக்கும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கும். டிஸ்க் 100 சதவீதம் காட்டுவதில் அதற்கும் பங்குண்டு. பழைய டிடிஆர்3 ராம் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு 4 ஜிபி போட்டால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகு மீண்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வேலை செய்யுங்கள். இப்போது டிஸ்க் அமைதியாக இருந்து சிபியு 100 சதவீதத்தில் நின்றால், அப்போதுதான் பிராசஸரின் முறை. வீடியோ எடிட் செய்பவர்களுக்கும், ஃபோட்டோஷாப்பில் பெரிய பேனர் வடிவமைப்பவர்களுக்கும், பிரௌசரில் இருபது டேப் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் அந்த நிலை வரும். கடிதம் அடிப்பவருக்கும் டேலியில் கணக்கு எழுதுபவருக்கும் வராது.

பிராசஸர் என்றதும் கிகாஹெர்ட்ஸைப் பார்ப்பது நம் பழக்கம். அந்த எண்ணின் வேகமான ஏற்றம் ஏறத்தாழ 2004-ல் நின்றுவிட்டது. பென்டியம் 4-ஐ 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுவந்த இன்டெல், அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் சில்லை அந்த ஆண்டே கைவிட்டது. காரணம் வெப்பம். சில்லு தின்னும் மின்திறன் துடிப்பு வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து ஏறுகிறது. வேகம் கூட்ட அழுத்தமும் கூட்ட வேண்டும் என்பதால் வெப்பம் கட்டுக்கடங்காமல் போனது. அதன் பிறகு ஒரே சில்லில் பல கோர்களை வைக்கத் தொடங்கினார்கள். நம் போர்டில் இருக்கும் ஐ3-2100 இரண்டு கோர், 3.1 கிகாஹெர்ட்ஸ், 3 எம்பி கேஷ். அதே 1155 சாக்கெட்டில் உட்காரும் ஐ7-3770 நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.9 வரை போகும், 8 எம்பி கேஷ். ஒரே கோரில் ஓடும் வேலையில் வேகம் கால் பங்குக்குச் சற்று மேல் கூடலாம். நான்கு கோரையும் பயன்படுத்தும் வீடியோ மாற்றம் போன்ற வேலையில் இரண்டு மடங்கைத் தாண்டும். உங்கள் வேலை எந்த ரகம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஐ7-2600-ம் அதே சாக்கெட்டில் பொருந்தும். ஆனால் அது 95 வாட் வெப்பம் விடும், 3770-க்கு 77 வாட் போதும். 2600-ல் டிரான்சிஸ்டர் 32 நானோமீட்டர் தொழில்நுட்பம், தட்டையானது. 3770-ல் 22 நானோமீட்டர். மின்னோட்டம் ஓடும் பாதையே துடுப்புப் போல மேலெழுந்து நிற்க, அதை மூன்று பக்கமும் வாயில் அணைத்துக்கொண்டிருக்கும். கசிவு குறைவு, சூடும் குறைவு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் 3770-ஐயே எடுங்கள். ஆனால் 2011-ல் வந்த எச்61 போர்டுக்கு 2012-ல் வந்த இந்தச் சில்லை அடையாளம் தெரியாது. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டே முடங்கிவிடக்கூடும். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

இந்தச் சில்லுகள் இனிப் பழைய சந்தையில்தான் கிடைக்கும். பயன்படுத்திய எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் வாங்கக் கூடாது, அவை தேயும் பொருள்கள். பயன்படுத்திய பிராசஸரை வாங்கலாம். முறையாக ஓடிய சில்லு பத்தாண்டில் தேய்ந்துவிடாது.

கழற்றும்போது அவசரம் கூடாது. கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணைத்தால் காய்ந்த தெர்மல் பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட் சிங்க்கின் நான்கு மூலைகளிலும் கறுப்புத் தலையுள்ள பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். தலையில் போட்டிருக்கும் அம்புக்குறியின் திசையில் திருகி மேலே இழுங்கள். ஹீட் சிங்க்கை நேராகப் பிடுங்காமல் லேசாக அப்படியும் இப்படியும் திருப்பி எடுங்கள். அதன் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியைத் தூரிகையால் எடுத்தாலே பாதிச் சூடு குறைந்த மாதிரி இருக்கும். பக்கவாட்டு நெம்புகோலை விடுவித்தால் மூடி திறக்கும். பிராசஸரை விளிம்பில் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். அடியில் சாக்கெட்டில் முடியளவே உள்ள 1,155 ஸ்பிரிங் முனைகள் தெரியும். அவற்றில் விரலோ துணியோ படவே கூடாது. ஒன்று வளைந்தாலும் போர்டு பயனற்றதாகிவிடலாம். புதுச் சில்லின் மூலையிலுள்ள தங்கநிற முக்கோணத்தையும் ஓரத்துப் பள்ளங்களையும் சாக்கெட்டோடு பொருத்தி, அமுக்காமல் வையுங்கள். தன் எடையிலேயே உட்கார வேண்டும்.

பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு நடுவில் புதிதாக ஒரு சிறு துளி வைத்தால் போதும். பளபளப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று நிற்கும். காற்று செம்பைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் மோசமான வெப்பக்கடத்தி. அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் பேஸ்ட்டின் வேலை. அப்பி வைத்தால் அதுவே தடையாகிவிடும்.

மென்பொருள் பக்கத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல் சில்லையோ அதற்குப் பிந்தியதையோ. நம் ஐ7-3770 மூன்றாம் தலைமுறை. வலு போதாமல் அது ஒதுக்கப்படவில்லை, பாதுகாப்பு விதிகளால் ஒதுக்கப்பட்டது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இந்தக் கணினியில் நன்றாகவே ஓடும். தமிழில் தட்டச்சு செய்யலாம், இணையம் பார்க்கலாம், லிப்ரே ஆஃபீஸில் கணக்கும் கடிதமும் எழுதலாம். டேலிக்கும் ஃபோட்டோஷாப்புக்கும் கட்டுப்பட்டவர்களுக்கு மட்டும் இது கடினம்.

பணம் போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். 1155 சாக்கெட் பிராசஸர் 2013-க்குப் பிறகு வந்த தலைமுறைகளின் போர்டு எதிலும் உட்காராது. இந்த மதர்போர்டு போகும் நாளில் அதுவும் போய்விடும். டிடிஆர்3 ராமின் கதியும் ஏறத்தாழ அதுதான். சாட்டா எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி, அடுத்து வாங்கும் கணினியில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் இருப்பது ஆயிரம் இரண்டாயிரம்தான் என்றால், வேறெதையும் தொடாமல் எஸ்எஸ்டியை மட்டும் வாங்குங்கள்.